படுத்தபடி படிக்க ஒரு கண்ணாடி

கண்ணாடிக் கடைக்குப் போய், "படுத்துக்கொண்டு படிக்க ஒரு கண்ணாடி வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் சிரிப்பார். அப்புறம், "அதுக்கெல்லாம் தனியா எதுக்கு சார், இதுவே பழகிடும்" என்று நம் மூக்கில் இருக்கும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடியையே காட்டுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தேன், பழகவில்லை.

அது பழகாததற்குக் காரணம் இருக்கிறது. ப்ரோக்ரெசிவ் லென்ஸில் மேல்பகுதி தூரப் பார்வைக்கு, கீழ்ப்பகுதி வாசிப்பதற்கு. நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் கண் தானாகவே கீழே இறங்கிவிடும். மல்லாந்து படுத்துப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்கும்போது, பார்வை லென்ஸின் நடுவழியாகவோ மேல்வழியாகவோதான் போகும். எழுத்து மங்கும். தெளிவாகத் தெரிய மோவாயைத் தூக்க வேண்டும், தூக்கினால் தலையணை பிடரியில் இடிக்கும். பத்து பக்கம் படிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். இதைக் கடைக்காரர் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

சரி, வாசிக்க மட்டும் ஒரே பவரில் தனிக் கண்ணாடி போடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். கழுத்து தப்பித்தது, எழுத்து தெளியவில்லை. திரும்பிப் போய்ச் சொன்னால், "சீட்டுல இருக்கிற பவரத்தான் போட்டிருக்கோம் சார்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வாசிப்புக் கண்ணாடிக்கான பவரை வழக்கமாகச் சுமார் 40 செ.மீ. தூரத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். படுக்கையில் என் புத்தகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் தையல் டேப்பைக் கொடுத்து, நான் வழக்கம்போல் படித்துக்கொண்டிருக்கும்போது கண்ணிலிருந்து பக்கம் வரை அளக்கச் சொன்னேன். 33 செ.மீ.! வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் கணக்கு இப்படி: 100-ஐ அந்த செ.மீ.யால் வகுத்தால் வருவதுதான், தூரப் பார்வைக்கான பவருக்கு மேல் அந்தத் தூரத்துக்குத் தேவையான கூடுதல் பவர். 40-க்கு 2.5, 33-க்கு ஏறத்தாழ 3. இளவயதில் இந்த அரை பவரைக் கண்ணே போட்டுக்கொள்ளும். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துக்கொண்டே வருகிறது, நாற்பதைத் தாண்டினால் அது படிக்கும்போது தெரியத் தொடங்குகிறது. வெள்ளெழுத்து என்பது அதுதான். அறுபதுக்கு மேல் அந்த வளைந்துகொடுக்கும் சக்தி அநேகமாக மிச்சமே இருக்காது.

அந்த 33-ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே கண் பரிசோதித்த பெண், சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, "நீங்க வீட்ல எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே பிடிங்க சார்" என்று கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தார். வேலை முடிந்தது. முதல் கடையில் சிரித்த முகம் நினைவுக்கு வந்ததை மறைக்கவில்லை.

ஆகவே அனுபவத்தில் சொல்கிறேன்: எப்படிப் படுத்துப் படிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் கண்ணாடிக்குப் போங்கள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முழங்காலில் புத்தகத்தை வைப்பவருக்குத் தூரம் 50 செ.மீ. கூட வரும். அவருக்கு என் கண்ணாடி ஆகாது. இன்னொன்று: இந்தக் கண்ணாடியோடு எழுந்து நடக்காதீர்கள். தரை மங்கலாகத்தான் தெரியும், ராத்திரியில் விழுந்து வைப்போம்.

சாய்ந்து உட்காரச் சரிவாக வெட்டிய ஃபோம் தலையணை ஒன்று வாங்கியிருந்தேன். கல் மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு உடம்பு மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே வந்துவிடும், கடைசியில் தலை மட்டும் மடங்கி மோவாய் நெஞ்சில் இடிக்கும். இடுப்பிலிருந்தே முதுகு முழுக்கத் தாங்கலாக இருக்க வேண்டும், முழங்காலுக்கடியில் இன்னொரு தலையணை வேண்டும். அந்த இரண்டாவது தலையணைதான் வழுக்குவதை நிறுத்தியது. அதைப் பெட்டியின் மேல் எவரும் அச்சடிப்பதில்லை.

மல்லாந்து கூரையைப் பார்த்தபடியே வயிற்றில் நிறுத்திய புத்தகத்தைப் படிக்க உதவும் ப்ரிஸம் கண்ணாடி என்று ஒன்று விற்கிறார்கள். பார்வையை 90 டிகிரி திருப்பிவிடும், அது உண்மை. ஆனால் வழக்கமாக அதில் வாசிப்பு பவர் கிடையாது. நம் கண்ணாடியின் மேல் இதையும் மாட்ட வேண்டும். மூக்கு பாவம். பேரக்குழந்தை விளையாட எடுத்துக்கொண்டு போனான், நான் திருப்பிக் கேட்கவில்லை.

விளக்கு விஷயத்தில் வாட்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். வயதானால் கண்பாவை சுருங்குகிறது, கண் லென்ஸும் மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் அறுபதில் மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்பார்கள். அதற்காகக் கூரை விளக்கைப் பெரிதாக்கினால் கண் கூசும், பக்கத்தில் படுத்திருப்பவர் சண்டைக்கு வருவார். சின்ன விளக்கையே கிட்டே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்கு. தோளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தின் மேல் விழ வேண்டும், கண்ணில் படக்கூடாது.

இதற்கு நடுவே சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. பயந்துபோய் டாக்டரிடம் போனால், முழங்கையை வெகுநேரம் மடக்கியே வைத்திருப்பதால் அங்கே ஓடும் நரம்பு இழுபடுகிறது என்றார். கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு கிலோவை நெருங்கும். இப்போது அதை மடியில் ஒரு தலையணை போட்டு அதன்மேல்தான் வைக்கிறேன். 200 கிராம் அளவில் இருக்கும் கிண்டில் போன்ற மின்னூல் படிக்கும் கருவி வந்தபின் கை பிழைத்தது, எழுத்தையும் பெரிதாக்கலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் மட்டும் அந்த வசதி கிடைக்காது. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும்.

செலவு செய்யுமுன் கண்புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கண்ணில் வரிகள் நெளிந்து தெரிந்தால் கண்ணாடிக் கடைக்கே போகாதீர்கள், நேராகக் கண் மருத்துவரிடம்.

ஒருக்களித்துப் படுத்துப் படிக்க மட்டும் எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. கண்ணாடிக் கால் காதை அழுத்துகிறது, சட்டம் கோணிக்கொள்கிறது. அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் ஒலிப்புத்தகம்தான், அரை மணியில் தானாக நிற்கும்படி டைமர் வைத்து.