பொமேரியன் எடுக்கறதா இருந்தா உடம்ப பாருங்க, சைஸ பாக்காதீங்க

நம்ம தருமபுரி பக்கம் வெள்ளையா புசுபுசுன்னு ஒரு நாய் வாசல்ல நின்னா போதும், பொமேரியன்னு சொல்லிடுவாங்க. எங்க தெருவுல அப்படி சொல்ற நாய்ங்கள்ல பாதி இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அதுவும் தங்கமான நாய், ஆனா இனம் வேற.

மூணு வருஷம் முன்னாடி ஓசூர்ல ஒரு புரோக்கர் டீகப் பொமேரியன்னு சொல்லி ஒரு குட்டி குடுத்தாரு, உள்ளங்கையில அடங்கற சைஸு. டீகப்னு தனியா ஒரு வகையே கிடையாதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலைல சாப்பிடாம இருந்துச்சு, மதியத்துக்குள்ள சுகர் இறங்கி வலிப்பு வந்துடுச்சு, மாமா பைக்குல டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடியும் காப்பாத்த முடியல. இன்னிக்கும் நெனச்சா மனசு கனமாயிடும்.

இப்ப இருக்கறது சுண்டு, ஆரஞ்சு கலர், ரெண்டு வயசு, 2.4 கிலோ. நாய் இனங்களுக்கு அளவு வகுக்கற அமெரிக்க கென்னல் கிளப் சொல்ற எடை 3லேர்ந்து 7 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 1.4லேர்ந்து 3.2 கிலோ. ஆனா எடை மட்டும் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, முடிக்குள்ள இருக்கற உடம்புதான் முக்கியம். அதப் பாக்கணும்னா குளிப்பாட்டறப்ப பாக்கணும், தண்ணி ஊத்தினதும் அந்த பந்து மாதிரி இருந்ததெல்லாம் ஒட்டிக்கும், அப்ப எலும்பு, நெஞ்சு, கால் எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவோட தையல் டேப்ப எடுத்து அளந்தேன், சுண்டு டேப் நுனிய கவ்விக்கிட்டு விடவே இல்ல. தோள்பட்டை உச்சிலேர்ந்து தரைவரைக்கும் 21 செ.மீ., நெஞ்சு முனைலேர்ந்து பின்தொடை வரைக்கும் அதே 21, அதாவது பக்கத்துலேர்ந்து பாத்தா சதுரம். தரைலேர்ந்து முழங்கை வரைக்கும் 10.5, மொத்த உயரத்துல சரிபாதி, இப்படி இருந்தாத்தான் கால் அளவா இருக்குன்னு அர்த்தம். நெஞ்சு கீழ முழங்கைய தொடணும். தலைல மூணுல ஒரு பங்கு மூக்குப்பக்கம், மீதி மண்டை. காது சின்னதா மேல நிக்கணும், வாலு மேலேர்ந்து கிளம்பி முதுகுமேல படுத்திருக்கணும்.

இது பால்டிக் கடலோரத்து பொமரேனியா பகுதி நாய், ஆதில இதவிட நல்லா பெருசு. விக்டோரியா ராணி 1888ல இத்தாலி ஃப்ளாரன்ஸ் போனப்ப பாத்து ஆசப்பட்டு கொண்டு வந்தாங்க, அதுக்கப்பறம் சின்ன சைஸுக்குத்தான் மவுசு. தலைமுறை தலைமுறையா உருவம் கெடாம சைஸ மட்டும் குறைச்சது பெரிய வேலைங்க. அவசரத்துக்கு சின்னச் சின்னதா சேத்து ஈனவெச்சா முட்டிச்சில்லு நழுவற காலும், மூடாத உச்சிக்குழியுமா குட்டி வர வாய்ப்பு ஜாஸ்தி. பின்கால தூக்கிக்கிட்டு ரெண்டு எட்டு குதிச்சு மறுபடி ஊனி நடந்தா, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

அடுத்த மாசம் அக்கா கிருஷ்ணகிரில ஒரு குட்டி பாக்கப் போறா, கூட வாடான்னு கூப்பிட்டிருக்கா. ரெண்டு மாசக் குட்டிய அளந்து பிரயோஜனம் இல்ல, தாய் நாயத்தான் அளக்கணும், கொஞ்ச தூரம் நடக்கவிட்டும் பாக்கணும். டேப்ப இப்பவே பையில எடுத்து வெச்சுட்டேன்.