எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தரம் 4க்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்று வீட்டில் வினாத்தாள் புத்தகமாக வாங்கிக் குவிக்கிறார்கள். கேள்வியையே வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அது என்ன செய்யும்? அவர்களுக்குத் தேவை கதைப் புத்தகம்.

அதைத் தேடி எடுப்பதுதான் பெரிய பாடு. கடையில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் பாலர் புத்தகம். தகப்பனோடு வயலுக்குத் தண்ணி கட்டப் போகிற ஒன்பது வயதுப் பையனிடம் வாத்துக்குஞ்சுக் கதையைக் கொடுத்தால், பக்கத்திலிருப்பவன் பார்க்காதபடி அட்டையைக் கையால் மறைத்துக்கொள்வான். பிள்ளையின் மானமும் முக்கியம். சொற்கள் குறைவாக, விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது வரி முடியும் இடத்தை. தமிழ் அச்சில் இடம் போதாவிட்டால் சொல்லை அப்படியே முறித்துவிடுவார்கள், இடையில் ஒரு கோடுகூட இருக்காது. ‘ஓடிக்கொண்டி’ என்று ஒரு வரி முடியும், ‘ருந்தான்’ என்று அடுத்தது தொடங்கும். நமக்கு அது கண்ணிலேயே படாது. எழுத்துக்கூட்டுகிறவன் ‘ருந்தான்’ என்றால் என்ன என்று அங்கேயே நின்றுவிடுவான். ‘கொ’வில் கொம்பு முன்னுக்கும் அரவு பின்னுக்கும் நிற்பதைச் சேர்த்துப் பிடிக்கவே பாடுபடுகிறவன் அவன்.

வெளிநாட்டிலிருந்து அன்போடு பெட்டி பெட்டியாகப் புத்தகம் வரும். பாதி ஆங்கிலம், மீதி பெரியவர்களுக்கானது. இப்போது என்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளம் நல்ல உதவி. தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றி அச்சிடவும் அனுமதி உண்டு. அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, சொல் முறியாமல் வரி பிரித்து, பாடசாலையிலேயே அச்சடித்துத் தைக்கிறோம்.

யானைக் கதை ஒன்றை வாசித்த பையன், “யானை இப்படிச் செய்யாது, ரீச்சர்” என்று என்னோடு வாதாடினான். இரவில் யானை வருகிற ஊர்ப் பிள்ளை, சரியாகத்தான் சொன்னான். வாதாடுவதற்காக அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்), குளம், வலை, யானைவேலி பற்றியெல்லாம் சின்னச் சின்ன வசனத்தில் எழுதக்கூடியவர்கள் இருந்தால் எழுதித் தாருங்கள். தைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.