புளியைக் குறைக்காமல் உப்பைக் குறைக்காதீர்கள்

"பிரஷர் இருக்கு, உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்ன மறுநாள் சாம்பாரில் உப்பு பாதியாகிவிடும். யாருக்கும் தொண்டையில் இறங்காது. மூன்றாம் நாள் தட்டோரம் உப்பு வந்து உட்காரும், ஊறுகாய் இரண்டு துண்டு கூடும், ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி. உப்பை மட்டும் தனியாகக் குறைத்ததால் வரும் வினை இது.

நம் குழம்பில் புளியை அடக்கி வைப்பது உப்பு. அதைப் பாதியாக்கினால் புளி துருத்திக்கொண்டு நிற்கும், காரமும் முரட்டுத்தனமாகத் தெரியும். எலுமிச்சை அளவு புளி கரைக்கிற வீட்டில் அதில் முக்கால் போதும். மிளகாய்த்தூளிலும் ஒரு சிட்டிகை எடுத்துவிடுங்கள். உப்பை முதலில் கால் பங்கு மட்டும் குறைத்து, மூன்று வாரம் அப்படியே ஓட்டுங்கள். நாக்கு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பழகியபிறகு அடுத்த கால் பங்கு.

குறைக்கும் முன் இப்போது எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும். புது உப்புப் பாக்கெட் பிரித்ததும் அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடியுப்பே ஏறக்குறைய 6 கிராம் வரும். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் என்று கணக்கு, அதுவும் வெளியில் வாங்கித் தின்பதில் உள்ள உப்பையும் சேர்த்து. ஒரு கிலோ பாக்கெட் 20 நாளில் தீர்ந்தால் நாளுக்கு 50 கிராம், தலைக்குப் பன்னிரண்டரை. மீன் கழுவ, ஊறுகாய் போட எடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் பல வீடுகளில் கணக்கு இடிக்கும்.

கல்லுப்பை கையால் அள்ளிப் போடுகிறவர்கள் ஒரு நாள் மட்டும் அந்தக் கையளவைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கல்லுப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்கும், பொடியுப்பு அடைந்து நிற்கும். கல்லுப்பிலிருந்து பொடிக்கு மாறி, அதே ஸ்பூனால் போட்டால் உப்புக் கூடிவிடும். டப்பாவுக்குள் ஒரு அரை டீஸ்பூனைப் போட்டு வைத்து, அதால் மட்டுமே எடுப்பது நல்லது.

இட்லிக்கு வருவோம். ஒரு கிலோ அரிசி மாவுக்கு 30 கிராம் உப்புப் போட்டு 60 இட்லி வந்தால், இட்லிக்கு அரை கிராம். நாலு இட்லியில் 2 கிராம், சாம்பாரும் சட்னியும் இன்னும் தட்டில் விழவே இல்லை. 20 கிராமாகக் குறைத்தால் சுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் மாவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். உப்பு புளிப்பை மெதுவாக்கும். அது குறைந்தால், அதுவும் மதுரைச் சித்திரை வெயிலில், மாவு சீக்கிரமே பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும், மறுநாள் புளித்துக் கெடும். கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், பொங்க ஆரம்பித்ததுமே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். சட்னியில் உப்பைப் பாதியாக்கி, பொட்டுக்கடலையைக் குறைத்துத் தேங்காயைக் கூட்டினால் குறை தெரியாது.

கொதிக்கிற குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பது நம் வழக்கம். அவ்வளவு சூட்டில் நாக்குக்கு உப்பு சரியாகப் பிடிபடாது, குழம்பும் இன்னும் வற்ற வேண்டியிருக்கும். இறக்கி ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, அப்போது தேவையென்றால் போடுங்கள். கீரையில் இதைவிடப் பெரிய தப்பு நடக்கும். சட்டி நிறையத் தெரிகிற பச்சைக் கீரையைப் பார்த்து உப்புப் போட்டால், வதங்கிக் கைப்பிடியானபின் கரிக்கும். மசித்தபிறகு போடுவதே சரி. பொரியலுக்கும் இறக்கும்போதுதான். மேலாக ஒட்டுகிற உப்பு நாக்கில் உடனே படுவதால் கொஞ்சமே போதும். சுண்டலுக்கு எலுமிச்சை பிழிந்தால் பாதி உப்பு மிச்சம்.

கருவாட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றிவிட்டுக் குழம்பில் போடுங்கள். அதுவரை குழம்பில் உப்பே வேண்டாம். உப்புப் போட்டுக் காயவைத்த சுண்டைக்காய் வற்றலுக்கும் இதே கணக்கு.

ஊறுகாயில் மட்டும் கைவைக்காதீர்கள். வருடக்கணக்கில் நிற்கிற நார்த்தங்காய்க்கு உப்புதான் காவல், குறைத்தால் பூஞ்சை பூக்கும். சாப்பிடுகிற அளவைக் குறையுங்கள், அல்லது மாங்காயை நறுக்கி மூன்று நாளுக்கு மட்டும் கொஞ்சமாகப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். தினசரிச் சாப்பாட்டிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது அப்பளத்தைத்தான், மதுரை சிந்தாமணியில் அப்பளம் போடுகிறவர்கள் கோபித்தாலும்.

ராத்திரி புரோட்டாக் கடையில் "அண்ணே, சால்னா தனியா கிண்ணத்துல குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். பிய்த்துப் போட்ட புரோட்டா மேல் ஊற்றினால் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது, தொட்டுச் சாப்பிட்டால் பாதிக்கிண்ணம் மிஞ்சும். பாக்கெட் தின்பண்டத்தில் சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்குங்கள். 800 என்றிருந்தால் உப்பு 2 கிராம்.

இந்துப்புக்கு மாறுவதால் ஒன்றும் குறையாது, அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. அயோடின் சேர்க்காததாகவும் இருக்கக்கூடும். சோடியம் குறைத்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் நிற்கட்டும். ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு உண்டு. உப்பாச்சே என்று பயந்து அதற்குப் பதில் வெறும் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.