கெர்னல்-பவர் 41: 2025 மே மாதக் குறிப்புகள்

மே 8, வியாழன்

மறுபடியும். கம்ப்யூட்டர் கேமில் பாலத்திலிருந்து வண்டியை இறக்கி, நியான் போர்டுகள் மின்னும் தெருவுக்குள் திரும்பினேன், அவ்வளவுதான். திரை கறுத்தது, கேபினட் விளக்கு அணைந்தது, உடனே தானாக எழுந்து மதர்போர்டு லோகோவைக் காட்டியது. நீலத்திரை இல்லை, எர்ரர் இல்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்கிறது.

சைபர்பங்க் 2077 மட்டும் என்றால் கேமைத் திட்டிவிட்டுப் போகலாம். கார் ரேஸிலும் இதே கதைதான். பகலெல்லாம் ஆபீஸ் வேலை, எக்செல், மீட்டிங், யூட்யூப் எதிலும் அசையமாட்டேன் என்கிறது. இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் ஆரம்பிக்கிறது.

பிரசவத்துக்காகப் போடியில் அம்மா வீட்டில் இருக்கும் மனைவிக்கு இன்று ரத்த அழுத்தம் 130/84.

மே 9, வெள்ளி

ஐபிஎல்லை நிறுத்திவிட்டார்கள். செய்தி பார்க்கவும் பிடிக்கவில்லை. விளையாடலாம் என்று உட்கார்ந்தேன், அதுவும் போச்சு.

மே 10, சனி

"மாமா, வெயில் காலம். சூடாத்தான் இருக்கும். தூசி தட்டுங்க, பேஸ்ட் மாத்துங்க." மச்சினனுக்கு எல்லாவற்றுக்கும் பேஸ்ட்தான். சரி, பிராசஸர் சூட்டைக் கடத்தும் அந்தப் பேஸ்டை மாற்றினேன். பக்கக் கண்ணாடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தேன். இரண்டு செகண்டுக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்யும்படி எச்டபிள்யூ-இன்ஃபோவை ஓடவிட்டுத்தான் விளையாடினேன்.

கடைசி வரியில் இருந்தது: பிராசஸர் 74 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 68, கார்டிலேயே அதிகம் சூடாகும் இடம் (ஹாட்ஸ்பாட்) 81. இது ரைசன் 5 7600. 95 டிகிரி வரை தாங்கும், அங்கே போனாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிரப் பொசுக்கென்று சாகாது. எண்கள் ஏறவும் இல்லை, தடுமாறவும் இல்லை. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து பாதியில் நின்றுவிட்டது. ஆக, சூடு இல்லை.

மச்சினனிடம் இதைச் சொல்லவில்லை. அக்காவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போய் வந்த களைப்பில் இருந்தான். 132/86. உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். அத்தை மாவடு ஜாடியை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார் என்று மனைவி போனில் அழாத குறை.

மே 11, ஞாயிறு

கம்ப்யூட்டரின் ராம் (மெமரி) பலகை இரண்டையும் கழற்றி, தங்கப்பல் வரிசையை ரப்பரால் தேய்த்து, 'க்ளிக்' என்று கேட்கிறவரை அழுத்தி மாட்டினேன். ஆன் செய்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. டிடிஆர்5 ராமைக் கழற்றி மாட்டினால் மதர்போர்டு அதைப் புதிதாகப் பழகிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அந்தச் சில நிமிடம் பெரிய நேரம்.

அப்புறம் மாலையிலிருந்து ராத்திரி பதினொன்றரை வரை விளையாடினேன். ஒரு தடவை கூடச் சாகவில்லை! ராம்தான். ராமேதான். மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம், இனியாவது தூங்குங்க" என்றாள்.

மே 12, திங்கள்

ஏழு ஐம்பதுக்குப் போச்சு. எட்டே காலுக்கு மறுபடி.

மே 14, புதன்

இன்று லீவு போட்டுவிட்டேன். காரணம் கேட்டதற்கு 'வீட்டு வேலை' என்று எழுதினேன், பொய்யில்லை.

விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் சிவப்பாக வரிசை. எல்லாம் ஒரே பெயர், ஒரே எண்: கெர்னல்-பவர், 41. இது காரணம் சொல்லும் பதிவு இல்லை. விண்டோஸ் மறுபடி எழுந்தபிறகு 'போன தடவை என்னை யாரும் முறையாக மூடவில்லை' என்று எழுதிவைக்கும் புகார், அவ்வளவுதான். அதற்குள்ளே விவரங்களைத் திறந்தால் பக்செக் கோடு என்று ஒரு வரி வரும். டிரைவரோ ராமோ சொதப்பி நீலத்திரை வந்திருந்தால் அங்கே ஒரு எண் நிற்கும். எனக்கு எல்லாவற்றிலும் பூஜ்யம். நீலத்திரை போடக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். காலுக்கடியில் தரையை உருவியிருக்கிறார்கள்.

அப்படியானால் கரண்ட்டா? ஆனால் அதே நொடியில் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பக்கத்தில் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும் வைஃபை மோடம் கூட அணைவதில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் வேறு இருக்கிறது. கரண்ட் என்றால் எல்லாம் சேர்ந்துதானே போக வேண்டும்?

ஆக எஸ்எம்பிஎஸ், கேபினட்டுக்குள் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. 750 வாட், கோல்டு ரேட்டிங், வாங்கி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. கார்டு 200 வாட், பிராசஸர் நூறுக்குள். பாதிச் சுமைக்கே படுத்துக்கொள்ளுமா?

பகல் இரண்டு மணிக்கு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் பவர் டெஸ்ட் போட்டு, பிராசஸரையும் கார்டையும் ஒரே நேரத்தில் பிழிந்தேன். ஒரு மணி நேரம். அசையவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒழுங்காக உடையக்கூடத் தெரியவில்லை இதற்கு.

136/86. பால் காய்ச்ச மறந்து, திரிந்துபோனது.

மே 15, வியாழன்

பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். நான்கு சுற்று, 32 ஜிபி, காலையில் எழுந்து பார்த்தால் பிழை பூஜ்யம். கிராபிக்ஸ் டிரைவரைச் சேஃப் மோடில் வேரோடு பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை அணைத்து, வேகத்தை 4800க்கு இறக்கினேன். மதர்போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தேன்.

எட்டு பத்துக்குப் போச்சு.

மே 17, சனி

ஆட்டோவில் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு காந்திபுரம். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் கார்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க, கொழந்தையா?" என்றார்.

கடைப் பையன் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றித் தன் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, வேறொரு பெரிய கார்டைப் போட்டு மதியம் வரை ஓட்டிப் பார்த்தான். "நல்லாத்தானுங்ணா இருக்குது. வேணும்னா கம்பெனிக்கே ஆர்எம்ஏ அனுப்பி மாத்தலாம், மூணு வாரம் ஆவும்." மூன்று வாரம். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி 28. திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐபிஎல் மறுபடி ஆரம்பம் என்றார்கள், பெங்களூரில் மழையில் ஆட்டமே நடக்கவில்லை. நல்லது, எனக்கு மட்டும் இல்லை.

மே 18, ஞாயிறு

நன்றாக ஓடுகிறது. நேற்று கழற்றி மாட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. போன ஞாயிறும் இப்படித்தான் ஓடியது. இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

134/88. எட்டு மணிக்கு அவள் தூங்கிவிட்டாள் என்றார் அத்தை. எட்டு மணிக்கெல்லாம் தூங்குகிறவள் இல்லை.

மே 20, செவ்வாய்

எழுதவேண்டும், கை பரபரக்கிறது.

விளையாடிக்கொண்டிருக்கும்போது அவள் போன் வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கேமை நிறுத்தாமல் அப்படியே நிற்கவிட்டுப் பேசினேன். குழந்தை எட்டி உதைக்கிறது, இடது பக்கம் படுத்தால்தான் மூச்சு விட முடிகிறது, மாவடு ஜாடி அரிசிப் பானைக்குள் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் சாப்பிடவில்லை, சத்தியமாம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து லேத் பட்டறையில் பெரிய மோட்டார் 'ஊஊம்' என்று கிளம்பியது. ஹாலில் இன்வெர்ட்டர் 'டக்' என்றது. என் கம்ப்யூட்டர் செத்தது.

இந்த வரிசையில். ஊம், டக், கறுப்பு.

"என்ன ஆச்சு, பேச்சையே காணோம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்றேன். அவள் சொன்னதில் அதற்கப்புறம் ஒன்றும் காதில் ஏறவில்லை. இவ்வளவு நாளும் காதில் ஹெட்போன், அதில் கார் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு!

மே 21, புதன்

மல்டிமீட்டர் வாங்கினேன். ஃபிரிட்ஜ் செருகும் இடத்தில், இன்வெர்ட்டருக்குப் போகாத நேர் லைனில், குத்திப் பார்த்தேன். பகல் மூன்று மணிக்கு 226 வோல்ட். ராத்திரி ஏழரைக்கு, தெருவில் அத்தனை ஏசியும் ஓடும் நேரத்தில், 194. பட்டறை மோட்டார் கிளம்பும்போது மீட்டர் எண் சரிந்து 176 வரை காட்டிவிட்டு ஏறியது. மோட்டார் கிளம்பும் நொடியில், வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். அந்த ஒரு இழுப்புக்குத் தெருவே கொஞ்சம் தாழ்ந்து நிமிர்கிறது.

இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது: யூபிஎஸ் மோடில் 180க்குக் கீழே போனால் பேட்டரி. உள்ளே இருக்கும் ரிலே ஸ்விட்ச் 'டக்' என்று தாவுகிறது. தாவும் நேரத்தில் ஒரு சின்ன இடைவெளி, மில்லி செகண்ட் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சியே 20 மில்லி செகண்ட்தான், ஃபேனுக்கும் விளக்குக்கும் அது தெரியவே தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அந்த இடைவெளியைத் தன் சேமிப்பில் தாண்டிவிட வேண்டும். எக்செல் ஓடும்போது சேமிப்பு தாராளம். மோடத்துக்கு அதன் குட்டி அடாப்டரே போதும். விளையாடும்போது கார்டும் பிராசஸரும் சேர்ந்து உறிஞ்சுவதால் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ரிலே அன்றைக்குக் கொஞ்சம் சோம்பலாக இருந்தால் அதுவும் போதாது. கடையில் ஓடியது, பகலில் ஓடியது, ஞாயிறு ஓடியது எல்லாவற்றுக்கும் இப்போது கணக்கு உதைக்கவில்லை.

138/88. இதற்கு ஸ்டிக்கர் இல்லை. 140/90 தாண்டினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

மே 22, வியாழன்

சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து, ஹாலைக் குறுக்கே கடந்து, கம்ப்யூட்டரை நேர் லைனில் போட்டேன். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்றுதான் இருக்கிறது, 176 அதற்குப் பெரிய விஷயமில்லை. வேண்டுமென்றே ஹெட்போன் போடவில்லை. ஊம். டக். திரை அப்படியே. ஊம். டக். திரை அப்படியே. சத்தமாகச் சிரித்துவிட்டேன், தனியாக வீட்டில்.

அப்புறம் கீழே போய் ஹவுஸ் ஓனர் ஐயாவிடம், இன்வெர்ட்டர் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்சை யூபிஎஸ்ஸிலிருந்து நார்மலுக்கு நகர்த்தினால் இவ்வளவு எளிதில் பேட்டரிக்குத் தாவாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்குதுங்க. அதுல கைய வெக்காதீங்க. சிசிடிவி ஆஃப் ஆயிரும்." அவருடைய கேமராவும் அதில்தான் ஓடுகிறதாம். நார்மலில் தாவும் நேரம் அதிகம் என்பதால், நிஜமாகக் கரண்ட் போகும்போது அவர் சொல்வது நடக்கவும் நடக்கும். சரி, வாதம் பண்ணவில்லை.

தனி லைன் ஒன்று அறைக்கு இழுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். "நாளைக்கு வந்தர்றனுங்க" என்றார்.

மே 23, வெள்ளி

வரவில்லை. எக்ஸ்டென்ஷன் வயர் தடுக்கி ஒரு காபி டம்ளர் போனது.

மே 24, சனி

கேரளாவில் பருவமழை இன்றே தொடங்கிவிட்டது, 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். இங்கேயும் மதியத்திலிருந்து இருட்டு, காற்று. தெருவில் ஒரு ஏசியும் ஓடவில்லை. ஏழரைக்கு மீட்டரில் 219. பட்டறை மோட்டார் கிளம்பியது, இன்வெர்ட்டர் வாயைத் திறக்கவில்லை. இப்போது எந்த லைனில் போட்டாலும் ஓடும். ஆனால் விளையாடத் தோன்றவில்லை, மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை 138/90. மதியம் 136/88. ராத்திரி எடுக்க வேண்டாம், பார்த்துப் பார்த்தே ஏறுகிறது என்று அத்தை மிஷினை வாங்கி வைத்துக்கொண்டாராம். மாவடு ஜாடி பக்கத்தில்தான் இருக்கும்.

எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை.

மே 25, ஞாயிறு

கோவைக்கும் நீலகிரிக்கும் ரெட் அலர்ட். காலை ஆறு மணிக்கு மச்சினன்: "மாமா, 144/94. பயப்படாதீங்க, அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க, கெளம்பி வாங்க." பின்னால் அவள் குரல், சார்ஜர் எடுத்து வரச் சொல்கிறாள், நீலக் கலர் சார்ஜர், அது எங்கே என்று எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

எக்ஸ்டென்ஷனைச் சுருட்டி, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். போடிக்குத் திண்டுக்கல் மாறிப் போகவேண்டும். சாவியை ஐயாவிடம் கொடுத்து, எலக்ட்ரீஷியன் வந்தால் சமையலறை போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், இன்வெர்ட்டர் லைனிலிருந்து வேண்டாம் என்றேன். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார். சார்ஜர் டிரெஸ்ஸிங் டேபிளில் இல்லை, கட்டில் பக்கத்திலும் இல்லை, ஃபிரிட்ஜ் மேல்