டர்பன்ல ஒரு மியூசிக் சர்வர்: கரண்ட், கம்போஸர் டேக், ஒரு ஹம்

மியூசிக் சர்வர் எது வாங்கலாம்னு கேக்குறவங்க எல்லாருமே எதுல சவுண்ட் நல்லா இருக்கும்னுதான் ஆரம்பிப்பாங்க. தென்னாப்பிரிக்கால, டர்பன்ல இருந்துகிட்டு அத மூணாவதா கேட்டா போதும்ங்கறது என் கட்சி. கரண்ட் பட்டுனு போனா அந்தப் பெட்டி என்ன ஆகும், நம்ம தமிழ்ப் பாட்ட அதுல தேடினா சிக்குமா, இது ரெண்டும்தான் முதல்ல.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. பாட்டு ஃபைல் எல்லாத்தையும் வச்சிருந்து, கேக்கும்போது எடுத்து அனுப்புறது சர்வர். அத வாங்கி டிஏசில (அதாவது டிஜிட்டல் சிக்னல ஆம்ப்ளிஃபயருக்கு ஏத்த அனலாக் ஆடியோவா மாத்துற பெட்டில) கொட்டுறது பிளேயர். ரெண்டையும் ஒரே அலுமினியப் பெட்டில போட்டு இன்னுவோஸ், ஆரெண்டர் மாதிரி கம்பெனிங்க விக்கிறாங்க, அழகாத்தான் இருக்கு, விலைய ராண்ட்ல மாத்திப் பாத்தா வீட்டம்மாகிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல. அதனால ரெண்டையும் பிரிச்சு வச்சேன். சர்வர் ரௌட்டர் பக்கத்துல அலமாரிக்குள்ள, பிளேயர் மட்டும் ஹால்ல ஆம்ப்ளிஃபயர் கிட்ட. ஃபேன் சத்தமோ டிஸ்க் சத்தமோ பாட்டு கேக்குற ரூமுக்கே வராது, இந்த ஒண்ணுக்காகவே பிரிக்கலாம்.

இப்ப கரண்ட். 2023ல இங்க இருந்தவங்களுக்கு லோட்ஷெட்டிங்ல (முறை வச்சு கரண்ட நிறுத்துறதுல) ஸ்டேஜ் 6னா என்னனு சொல்லித் தெரிய வேணாம். 2024 மார்ச் கடைசில லோட்ஷெட்டிங்க நிறுத்தினாங்க, 2025ல மறுபடி அப்பப்ப தலைய காட்டுச்சு, அது இல்லாட்டியும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பேர்னு ஏதாவது வந்துகிட்டேதான் இருக்கு. இதுக்காகவே இங்க நிறைய வீட்டுல ரௌட்டருக்குனு ஒரு மினி யூபிஎஸ் இருக்கும், 12 வோல்ட் 9 வோல்ட் 5 வோல்ட்னு வரிசையா அவுட்புட் இருக்கே, அதேதான். அதுலயே ஓடுற சர்வரா பாத்து வாங்கினா தனியா இன்வெர்ட்டர் செலவு இல்ல. இன்டெல் நக்ங்கற குட்டி பிசில நிறைய மாடல் 19 வோல்ட் கேக்கும், அது சரிவராது. ஃபேன் இல்லாத மினி பிசில 12 வோல்ட்ல ஓடுறது கிடைக்குது, சும்மா பாட்டு மட்டும் அனுப்புறப்ப பத்து வாட் கூட இழுக்காது, நான் எடுத்தது அதுதான். ராஸ்பெரி பை 4ங்கற கையளவு கம்ப்யூட்டர போடுறவங்க ஒண்ணு கவனிங்க, அதுக்கு 5 வோல்ட்ல 3 ஆம்ப் வேணும், இந்த யூபிஎஸ்ல இருக்கற யூஎஸ்பி ஓட்டை பல மாடல்ல 2 ஆம்ப்தான் குடுக்கும், நல்லா ஓடிகிட்டே இருந்துட்டு திடீர்னு ரீஸ்டார்ட் ஆகும்.

ஹால்ல இருக்கற பிளேயர் ராஸ்பெரி பைதான், அதுல பைகோர்பிளேயர்ங்கற சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். அது மொத்தமும் ரேம்லயே ஓடுற லினக்ஸ், மெமரி கார்ட பூட் ஆகும்போது படிக்கும், செட்டிங்க சேவ் பண்ணும்போது எழுதும், அவ்ளோதான். பாதிப் பாட்டுல கரண்ட் போனாலும் கார்டு கெட்டுப் போகாது. இந்த ஊருக்கு இதவிட என்ன வேணும்.

சர்வர் சாஃப்ட்வேர்ல ரூன் பெரிய பேரு. மாசம் 15 டாலர் கிட்ட, வாழ்நாளுக்குனா 830 டாலர் கிட்ட. பாக்க லட்சணமா இருக்கும், இல்லேங்கல. நான் போனது லிரியான் பக்கம். ஸ்லிம் டிவைசஸ்னு ஒரு சின்ன கம்பெனி ஸ்க்வீஸ்பாக்ஸ்னு ஒரு நெட்வொர்க் பிளேயர் பண்ணுச்சு, 2006ல லாஜிடெக் வாங்குச்சு, 2012ல அந்தப் பெட்டிய நிறுத்திட்டாங்க, ஆனா சர்வர் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ்ங்கறதால ஆர்வலருங்க விடல, 2024ல லிரியான்னு பேரு மாத்தி இன்னும் வளத்துகிட்டு இருக்காங்க. காசு கிடையாது.

ஆனா காசுக்காக மட்டும் அத எடுக்கல. நம்ம சினிமாப் பாட்ட நாம தேடுற விதமே வேற. வெள்ளக்காரன் பாடகர் பேர வச்சு தேடுவான், நாம இசையமைப்பாளர வச்சு தேடுவோம். இன்டர்நெட்ல இருந்து தானா வர்ற டேக்ல (பாட்டு ஃபைலோட ஒட்டி இருக்கற பேரு விவரத்துல) எஸ்பிபி பாடினது ஒரு பக்கம், ஜானகி பாடினது ஒரு பக்கம், ஒரே படத்தோட ஆல்பம் அஞ்சு துண்டா கிடக்கும். அதுக்கு மேல இளையராஜா பேர இங்கிலீஷ்ல ஆளுக்கொரு ஸ்பெல்லிங்ல எழுதி வச்சிருப்பாங்க, சர்வருக்கு அது ஒவ்வொண்ணும் ஒரு தனி ஆளு. பழைய தமிழ் சிடில ஒரே தட்டுல ரெண்டு மூணு படம் வேற இருக்கும், அத அப்படியே ரிப் பண்ணினா (சிடில இருந்து ஃபைலா எடுத்தா) ரெண்டு படப் பாட்டும் ஒரே ஆல்பமா கலந்து நிக்கும்.

அதனால எம்பி3டேக்ங்கற டேக் எழுதுற சாஃப்ட்வேர்ல உக்காந்து, படத்துக்கு ஒரு ஆல்பம்னு பிரிச்சு, ஆல்பம் ஆர்டிஸ்ட்லயும் கம்போஸர்லயும் இசையமைப்பாளர் பேரு, ஆர்டிஸ்ட்ல பாடினவங்க பேருனு போட்டேன். லிரியான்ல கம்போஸர தனி லிஸ்டா காட்டச் சொல்லலாம், அதத் தொட்டா எம்எஸ்வி, கேவி மகாதேவன், ரகுமான்னு வரிசையா வந்து நிக்குது. பாட்டு பேர தமிழ்லயே எழுதிடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். பக்கத்து வீட்டு அங்கிள் இங்க இந்தியருங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த்லயே பொறந்து வளந்தவரு, காவடிப் பாட்டு மனப்பாடமா பாடுவாரு, தமிழ் எழுத்து மட்டும் வாசிக்க வராது. ஞாயித்துக்கெழம வந்தா போன எடுத்து அவரேதான் பாட்டு போடுவாரு, அவருக்காக பேர இங்கிலீஷ் எழுத்துலயும், கமென்ட்ல தமிழ்லயும் வச்சிருக்கேன். டேக் பண்றது கொடுமையான வேலதான், ஆனா விலை ஒசந்த சர்வர் வாங்கினாலும் இத நாமதான் பண்ணணும்.

ரிப் பண்ண எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கற சாஃப்ட்வேர் போதும். மத்தவங்க ரிப்போட ஒப்பிட்டுப் பாக்குற ஆக்யுரேட்ரிப் டேட்டாபேஸ்ல நம்ம சிடி நிறைய இருக்காது, அப்ப டெஸ்ட் அண்ட் காப்பி போட்டு ரெண்டு தடவ படிச்ச சிஆர்சி (சரிபார்க்கற எண்) ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கணும். தரம் குறையாம சுருக்குற ஃப்ளாக் ஃபைலா வச்சா ஒரு சிடி சுமாரா 300, 400 எம்பி வரும், 1 டிபி எஸ்எஸ்டில ரெண்டாயிரத்துக்கு மேல சிடி அடங்கிடும்.

வயர் விஷயம் சுருக்கமா. சிடி தரத்துல ஒரு செகண்டுக்கு 1411 கிலோபிட்தான் போகுது, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்னா கூட 9 மெகாபிட் சொச்சம், சாதாரண கேட் 5இ கேபிளுக்கு இது தூசு. வழில ஏதாவது விட்டுப் போனா நெட்வொர்க்கோட டிசிபி முறை அத திருப்பி வாங்கிக்கும், டிஏசி அசின்க்ரனஸ் யூஎஸ்பியா இருந்தா அது தன்னோட கடிகாரத்துலதான் ஓடும். ஆயிரக்கணக்கான ராண்டுக்கு நெட்வொர்க் கேபிள் விக்கிற கடைக்காரர் முகத்தப் பாத்து சிரிச்சுட்டு வந்துடுங்க.

காதுக்குக் கேக்குற நிஜப் பிரச்சனை எர்த். சும்மா பாக்கலாம்னு லேப்டாப்ப சார்ஜரோட நேரா டிஏசில சொருகினப்ப ஆம்ப்ளிஃபயர்ல ஒரு ம்ம்ம்னு ஹம், சார்ஜர உருவினா கப்சிப். ரெண்டு பக்கமும் எர்த் போய் நடுவுல ஒரு லூப் உண்டாகுது. ராஸ்பெரி பை நடுவுல வந்ததும் ஹம் போயிடுச்சு, ஏன்னா ஈதர்நெட் ஓட்டைக்குள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, ரெண்டு பக்கத்தையும் மின்சாரத்துல பிரிச்சு வைக்கும். ஷீல்டு போட்ட கேபிள் வாங்கினா அந்த ஷீல்டே திரும்ப எர்த்த இணைச்சுடும், அதனால ஷீல்டு இல்லாத சாதா யூடிபி கேபிள்தான் நல்லது.

அப்புறம் பிளேயர் செட்டிங்ல வால்யூம நூறுலயே ஃபிக்ஸ் பண்ணி, கிராஸ்ஃபேட (ஒரு பாட்டு முடிவையும் அடுத்தது ஆரம்பத்தையும் கலக்குறத) நிறுத்திடுங்க. கச்சேரி ரெக்கார்டிங்ல ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக்னு வெட்டி வச்சிருப்பாங்க, கேப்லெஸ் (டிராக் நடுவுல இடைவெளி விடாம ஓடுறது) சரியா இல்லாத, டிஎல்என்ஏங்கற நெட்வொர்க் முறைல ஓடுற பிளேயர்ல தம்பூரா நடுவுல ஒரு நொடி அறுந்து அறுந்து ஒட்டும், எனக்கு அது கல்லக் கடிச்ச மாதிரி இருக்கும். பைகோர்பிளேயர்ல அந்தத் தொல்லை இல்ல.

பேக்கப் ஒண்ணு வீட்டுலயே யூஎஸ்பி டிஸ்க்ல, இன்னொண்ணு பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல மச்சான் வீட்டுல. அவன் அத வச்சு அங்க ஒரு சர்வர் ஆரம்பிச்சு, என் கம்போஸர் டேக்க எல்லாம் மாத்தப் போறேங்கறான், வித்யாசாகர் பாட்டெல்லாம் எங்கடான்னு கேட்டு.