பி.காம் தம்பி தங்கைகளுக்கு: டாலிக்கு முன்னால் இதைப் படியுங்கள்

"அண்ணா, டாலி கோர்ஸ் முடிச்சா வேலை கிடைச்சிடுமா?" பி.காம் படிக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலி வேண்டும். ஆனால் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் பார்ப்பது, இரண்டு கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்பதைத்தான்.

இன்டர்வியூவில் எனக்கு ஒரு பர்சேஸ் ரெஜிஸ்டரையும் ஜிஎஸ்டிஆர்-2பி பிரிண்டையும் (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் வாங்கியவருக்குத் தரும் பட்டியல்) கொடுத்து, "வித்தியாசம் எங்கேன்னு பாருப்பா" என்றார்கள். 1,00,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத வரி 18,000. புத்தகத்தில் இருந்த அந்த பில் 2பி-யில் இல்லை. விற்றவர் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் செய்யாமல் விட்டிருக்கலாம். வாங்கியவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். பில் 2பி-யில் வரும்வரை அந்த 18,000-ஐ இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அதுவரை முதலாளியின் பணம்தான் முடங்கும். இதைப் பிடித்துச் சொல்லும் ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இதற்கான அறிவு நம் பாடத்திலேயே இருக்கிறது. பேங்க் கணக்கையும் கேஷ் புக்கையும் ஒப்பிட்டு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடும்போது செய்வதும் இதே வேலைதான். ஆனால் பரீட்சையில் வித்தியாசங்களைக் கேள்வித்தாளே வரிசையாகச் சொல்லிவிடுகிறது. நாம் கூட்டிக் கழித்தால் போதும். ஆபீஸில் அந்த வரிசையை நாம்தான் தயாரிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இந்த ஓர் இடத்தை மாற்றினாலே பெரிய உதவி: பேங்க் ஸ்டேட்மெண்டையும் கேஷ் புக்கையும் அப்படியே கொடுத்து, வித்தியாசத்தை மாணவரே தேடட்டும்.

அதுவரை நீங்களே செய்யுங்கள். தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு, ஒரு மாத பேங்க் ஸ்டேட்மெண்டையும் அவர் கணக்கையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விலுக்கப் (VLOOKUP) என்ற தேடும் ஃபார்முலாவில் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். இன்டர்வியூவில் காட்ட அந்த ஒரு ஷீட் போதும். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வகுப்பு கல்லூரியில் நடந்தால், சான்றிதழுக்காக மட்டும் உட்காராமல் இந்த ஷீட்டை அங்கே கொண்டுபோய்ச் சந்தேகம் கேளுங்கள்.

இன்டர்ன்ஷிப் கேட்டால் மாதத்தின் 10 முதல் 20 தேதி வரை கேளுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, 2பி வருவது 14, வரி கட்டும் ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள் பொதுவாக 20. ஆபீஸில் ஆள் பற்றாத நாட்கள் அவை. ஓரமாக உட்கார வைக்காமல் உங்கள் கையிலும் பில் கட்டைக் கொடுப்பார்கள்.