மேல ஒரு குட்டி கேடயம்
நேத்து நைட்டு மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில உக்காந்து சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப்புக்கு ஒரு ப்ராக்ஸி செட் பண்ணி முடிச்சேன், அதாவது ஆப்ப முடக்குன எடத்துல நடுவுல நின்னு மெசேஜ கடத்திவிடுற சர்வர். சின்ன சர்வர், ஒரு டொமைன், 80, 443ன்னு ரெண்டு போர்ட் (சர்வருக்குள்ள வர்ற வாசல்) தொறந்தா போதும். தங்கச்சி போன்ல ப்ராக்ஸி லிங்க தட்டுனதும் மேல ஒரு கேடயம் வந்து மெசேஜ் ரெண்டு டிக் ஆச்சு பாருங்க, அவ்ளோ சந்தோஷம்! 2021 ஜனவரியில ஈரான்ல சிக்னல முடக்குனாங்க, அடுத்த மாசமே இந்த வழி வந்துச்சு, வெளிய பாக்குறவனுக்கு சாதாரண வெப்சைட் டிராஃபிக் மாதிரிதான் தெரியும், ப்ராக்ஸி நடத்துற என்னாலயே உள்ள இருக்குற மெசேஜ படிக்க முடியாது, அதான் எனக்கு ரொம்ப புடிச்சது.

சிக்னல முடக்குன சில நாட்டு நம்பர்னா, ப்ராக்ஸி இல்லாமலே ஆப்பே தானா வேறொரு மாத்து வழிய (சென்சார்ஷிப் சர்கம்வென்ஷன்) புடிச்சிக்கும், ஆனா நம்ம பசங்க +91 நம்பரோட அந்த நாட்டுக்கு போயி கனெக்ட் ஆகலன்னா செட்டிங்ஸ், பிரைவசி, அட்வான்ஸ்டு போயி நாமதான் அத ஆன் பண்ணணும். என் ப்ராக்ஸி லிங்க் வேணுங்கிறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, பொதுவுல போட்டா அதையும் முடக்கிடுவாங்க.